பற்றி எரியாத வண்டி

பேருந்து நிலையத்தில் என் அக்காவுக்கு மைக்கக்கா என்றுதான் பெயர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. அவளுடைய கண்ணாடி அறைக்கு நேர் கீழே எனக்கு ஒரு பத்திரிகைக் கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பலகை, ஒரு முக்காலி, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட வார இதழ்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த முக்காலியில் உட்கார்ந்து அக்காவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் போல் ஒரு காலம் எனக்கு இனி வரப்போவதில்லை.

இப்போது என் முறை. கழுத்தடியிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு ஏறுகிறது, முதுகெல்லாம் தொப்பலாக நனைகிறது, அடுத்த நிமிஷம் குளிர்கிறது. ஒவ்வொரு தடவையும் அக்கா ஞாபகம் வந்து சிரித்துவிடுகிறேன். வேர்க்க வேர்க்கச் சிரிக்கிற அம்மாவைப் பார்த்து என் மகள் முழிக்கிறாள். அவளுக்கும் ஒருநாள் வரத்தானே போகிறது, தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அக்காவின் குரல் சர்க்கரைக் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு உண்டு. ஆனால் தெளிவு. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால், அழுகிற குழந்தைகூட ஒரு கணம் நிறுத்திவிட்டு மேலே பார்க்கும். அத்தனை ஊரும் அத்தனை வழியும் அவளுக்கு மனப்பாடம். எதிரில் ஒரு துண்டுத் தாள் இருக்காது. டைம் கீப்பர் ஜன்னல் வழியாக வண்டி எண்ணை மட்டும் கத்துவார், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். இந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. இருக்கட்டுமே, சரக்கு இருக்கிறவள் திமிராக இருந்தால் என்ன?

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் அந்தக் கண்ணாடி அறை அவளுக்கு எதிரியாகிவிட்டது. மைக்கில் இரைச்சல் கேட்கும் என்று உள்ளே மின்விசிறி போடக் கூடாது. அவளோ பேசிக்கொண்டிருக்கும்போதே செக்கச்சிவந்து, கைக்குட்டையைப் பிழிகிற அளவுக்கு வேர்த்துப்போவாள். என் கடையிலிருந்து ஒரு வார இதழை எடுத்துப்போய் விசிறிக்கொள்வாள். அதைத் திருப்பி வைத்தால் எவன் வாங்குவான்? வீட்டிலும் இதே ரகளைதான். அவள் மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பாள், மாமா போர்வைக்குள் சுருண்டுகொண்டு பல்லைக் கடிப்பார்.

"உங்க அக்காவோட ஒரே ரூம்ல இருக்கறது, ஒரே நாள்ல வெயில் காலமும் மழைக் காலமும் பார்க்கற மாதிரி" என்பார் மாமா.

சிரிக்கிற விஷயமாகவே இருந்திருந்தால் தேவலை. தூக்கம் போயிற்று. முட்டி வலித்தது. காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது. பிறகு ஒருநாள், "பெரிய மருத்துவமனை வழியாகச் செல்லும் வண்டி மூன்றாவது…" என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஒலிபெருக்கியில் வெறும் மூச்சு மட்டும் கேட்டது. நான் முக்காலியை விட்டு எழுந்து மேலே பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாயைத் திறந்தபடி இருந்தாள். நடைமேடை என்கிற சொல் அவளுக்கு வரவில்லை. தினமும் மூச்சு விடுகிற மாதிரி சொன்ன சொல். டைம் கீப்பர் ஜன்னலில் எட்டிப் பார்த்து அதைச் சொன்ன பிறகுதான் முடித்தாள்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர்களான பிறகு நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததே இல்லை.

"எனக்கு அம்மா மாதிரி ஆயிடுமாடி?"

எங்கள் அம்மா தையல் கடைக்குச் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அழகாகப் பாடுவாள், அதைவிட அழகாகத் திட்டுவாள். இதே வயதில்தான் அவளுக்கு எல்லாம் மறக்க ஆரம்பித்தது. ராத்தூக்கம் கிடையாது. சட்டென்று அழுவாள், சட்டென்று கத்துவாள். பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டு நிற்பாள். உறவுக்காரர்கள் கூடிப் பேசி, அவளுக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு செய்தார்கள். கடைக்காரர் துணி அனுப்புவதை நிறுத்தினார். அதன் பிறகு அம்மா அறையை விட்டு வெளியே வருவதையே விட்டுவிட்டாள். அக்காவுக்கு இப்போது அந்த அறையின் கதவு தெரிந்தது. மைக் போய்விட்டால் அடுத்தது அந்தக் கதவுதான் என்று அவள் மனசுக்குள் எழுதிவைத்துக்கொண்டாள்.

"வாயைக் கழுவு" என்று அதட்டினேன். ஆனால் வீடு வரைக்கும் அவள் கையை நான் விடவில்லை.

இந்த நிலைமையில்தான் தீப்பிடித்தது.

அன்று காலை நல்ல கூட்டம். அக்கா கல்லூரி வழியாகப் போகிற வண்டியை அறிவித்துவிட்டு, மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அறையைக் கூட்ட வந்த பெண் ஏதோ நலம் விசாரித்திருக்கிறாள். அடுத்து ஒலிபெருக்கி முழுக்க அக்காவின் குரல்.

"நின்னுபோச்சுடி. போன வருஷமே நின்னுபோச்சு. அப்போலேர்ந்து திடீர் திடீர்னு பத்திக்கிட்டு எரியுது. உள்ளேயிருந்து குபுகுபுன்னு கிளம்பி மேல ஏறுது. தண்ணி ஊத்தினாலும் அடங்க மாட்டேங்குது!"

பேருந்து நிலையத்தில் நின்னுபோச்சு என்றால் வண்டிதானே? பற்றிக்கொண்டு எரிகிறது என்றால் அதே வண்டிதானே? கல்லூரி வண்டியிலிருந்து ஜனங்கள் முண்டியடித்து இறங்கினார்கள். ஒருவர் ஜன்னல் வழியாகப் பெட்டியைத் தூக்கி எறிந்தார். டிரைவர்கள் சிவப்பு மண்வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு வாளி மண், ஒரு பாவமும் அறியாத இன்ஜினில் கொட்டப்பட்டது. ஒரு தாத்தா மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

"போன வருஷம் நின்ன வண்டிக்கு இன்னைக்கு எப்படிய்யா தீப்பிடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் ஒருவருக்குத்தான் அன்று மூளை வேலை செய்தது.

நான் படியேறி ஓடி மைக்கை அணைத்தேன். அக்கா கீழே நடக்கிற கூத்தைப் பார்த்தாள். மெதுவாகத்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

நிலைய மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். "உடம்பு சரியாகிற வரைக்கும் கீழ ரூம்ல இருங்கம்மா" என்றார். கீழ் அறை என்றால் வண்டியில் விட்டுப்போன குடைகளையும் ஒற்றைச் செருப்புகளையும் போட்டுவைக்கிற அறை. மைக்குக்கு டிக்கெட் கவுன்ட்டரிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார். சரிப்படாவிட்டால் பதிவு செய்த குரலைப் போட்டுவிடலாம் என்று டைம் கீப்பரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அக்கா குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். அப்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பெண்கள் அந்த அறைக்கு வர ஆரம்பித்தார்கள். குடையைத் தொலைத்தேன் என்று வருவார்கள், குடையைத் தேட மாட்டார்கள். டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த இன்னொரு பெண் வந்தாள். கழிப்பறை வாசலில் காசு வாங்குகிறவள் வந்தாள். சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கிய லேடி கண்டக்டர் வந்து, கதவைச் சாத்திவிட்டு, "உங்களுக்கும் பத்திக்குதா?" என்று கேட்டாள். அத்தனை வருஷமாக ஒருத்தியும் இன்னொருத்தியிடம் வாயைத் திறக்காத சமாச்சாரம், ஊரறிய ஒலிபெருக்கியில் போன பிறகு என்ன ஒளிவுமறைவு? அந்தச் சிடுமூஞ்சிதான் ஒரு டாக்டரம்மாவின் விலாசத்தைச் சொன்னாள். நான் அக்காவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ரத்த அழுத்தம் பார்த்தார். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை இருந்தாலும் இப்படிப் படுத்தும் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, "வீட்டுக்காரரோட இருக்கும்போது வறண்டுபோய் வலிக்குதா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தை மிகவும் ஆழமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"வலிக்குது" என்றாள் அக்கா, தரையைப் பார்த்து.

"அதுக்குத் தனியா க்ரீம் இருக்கு. சொல்லாம வலிச்சுக்கிட்டே இருக்கணும்னு சட்டமில்ல."

ரிசல்ட் வந்ததும் மறுபடி போனோம். மற்ற எதிலும் குறையில்லை. ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறைந்துபோனதுதான் இத்தனை ஆட்டத்துக்கும் காரணம் என்றார். சூடு, வேர்வை, தூக்கமின்மை, படபடப்பு, மறதி எல்லாம் அதில் வரக்கூடியவை. எலும்பும் மெல்ல வலு இழக்கும். குறைந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கலாம், மாத்திரையாகவோ தோலில் தடவுகிற ஜெல்லாகவோ. கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு அதைப் பாதுகாக்க இன்னொரு ஹார்மோனும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

"அதனால கேன்சர் வரும்னு சொல்றாங்களே?" என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

"மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும். எந்த மருந்து, எத்தனை வருஷம்ங்கறதைப் பொறுத்தது. ஏற்கெனவே அந்த நோய் வந்தவங்களுக்கும், ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சவங்களுக்கும் பொதுவா ஹார்மோன் கொடுக்கறதில்ல. அவங்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைங்க இருக்கு. உங்க அக்காவுக்கு அந்தப் பிரச்சினை எதுவும் இல்ல. வருஷா வருஷம் வந்து பார்த்து, வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கலாம்."

நடக்கச் சொன்னார், கொஞ்சம் எடை தூக்கச் சொன்னார், கால்சியமும் வைட்டமின் டி-யும் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் வர வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவள் கேட்க வந்ததை அப்புறம்தான் கேட்டாள்.

"புத்தி பேதலிச்சுப் போகுமா டாக்டர்?"

"மறந்த வார்த்தை அப்புறமா ஞாபகம் வருதா?"

"வருது. படியிறங்கும்போது வந்து நிக்கும்."

"அப்போ பயப்படாதீங்க. இந்த மறதி வேற, புத்தி பேதலிக்கற நோய் வேற. நல்லாத் தூங்க ஆரம்பிச்சா பாதி சரியாயிடும். மீதிக்குக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் அப்பப்போ மறக்கத்தான் செய்யும், மறந்தா மறந்துட்டுப் போகுது."

அக்கா அம்மாவைப் பற்றிச் சொன்னாள். ஜன்னல், அழுகை, காஜா, சாத்திய கதவு, எல்லாம் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் பார்க்காதவங்களுக்கு இதுதான்னு சொல்ல முடியாதும்மா. ஆனா, இருந்திருக்கலாம்."

அந்த 'இருந்திருக்கலாம்' என்னை அறைந்தது. வைத்தியம் இருக்கிற ஒன்றுக்குப் பைத்தியம் என்று பெயர் வைத்து ஒரு பொம்பளையை மூலையில் உட்கார வைத்துவிட்டார்களே என்று அங்கேயே எனக்கு ரத்தம் கொதித்தது. அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "அம்மா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பா" என்றாள். வரும் வழியெல்லாம் இருவரும் அம்மாவின் திட்டுகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சிரித்துக்கொண்டே வந்தோம். கண்ணைத் துடைக்க அக்காவின் கைக்குட்டைதான் இருவருக்கும்.

ஜெல் தடவி, சில வாரங்களில் சூடு அடங்கியது. தூங்கினாள். மாமாவின் போர்வை அலமாரிக்குப் போனது. மேலாளர் பெரிய மனசு பண்ணி, ஒருநாள் மைக்கில் உட்காரட்டும், பார்க்கலாம் என்றார். அந்த ஒருநாளில் தடுமாறினால் பதிவுக் குரல்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரே வேறு என் கடைக்குப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று பழைய கரகரப்பு கேட்டபோது என் உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு வண்டியாகச் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு, "பழைய பாலம் வழியாக…" என்று சொல்லிவிட்டு நின்றாள்.

மூச்சு மட்டும் கேட்டது. நான் மேலாளரைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று காலை எடுத்தேன். அதற்குள் ஒலிபெருக்கி பேசியது, நிதானமாக.

"மன்னிச்சுக்கோங்க, போற இடத்தோட பேர் மறந்துபோச்சு. வயசு அப்படி. கடலோரமா இருக்கும், கப்பலெல்லாம் வந்து நிக்கும், மூட்டை இறக்குவாங்க…"

"துறைமுகம்!" என்று எங்கிருந்தோ ஒருவன் கத்தினான். உடனே பத்துக் குரல். பிறகு நிலையமே "துறைமுகம்! துறைமுகம்!" என்று கூரை அதிரக் கத்தியது. சிடுமூஞ்சிக் கண்டக்டர் படியில் நின்றுகொண்டு கத்தினாள். என் பக்கத்தில் கையைக் கட்டியிருந்த மேலாளர், கையைப் பிரித்து வாயருகே குவித்துக்கொண்டு, மேலே பார்த்துத் தன் பங்குக்குக் கத்தினார்.

"ஆமா, அதேதான்" என்றாள் அக்கா, சிரிப்பு தாங்காமல். "துறைமுகம் செல்லும் வண்டி, நான்காவது நடைமேடை."