துணி காயும் இடத்துக்கு என்ன நிறம்?

போன ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் மகள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். பெரிய காயமில்லை என்றார் என் வீட்டுக்காரர். நான்தான் வீட்டுக்கு வந்து மூன்று முறை கழுவித் துடைத்து, நான்காவது முறை துடைக்கலாமா என்று யோசித்துவிட்டு, பேண்டேஜ் சுருளைப் பிரித்தேன். அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. கொஞ்சம் பிளீச்சிங் பவுடர், கொஞ்சம் வெயில். வெயிலுக்கு வாசனை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. கை அப்படியே நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் வரைபடத்துக்கு வண்ணம் பூசுகிற வேலை பார்த்தேன். சிரிக்காதீர்கள், அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். இராஜபாளையத்துக்கு நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாரித்த ஒரு சின்ன அலுவலகம். தெருத் தெருவாகப் போய் எங்கே வீடு, எங்கே கடை என்று குறித்துவர வேண்டும். வீடு மஞ்சள், கடை நீலம், ஆலை ஊதா, பூங்கா பச்சை. இன்ன இடத்தில் இன்னது வரலாம் என்று பின்னால் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பூசியதெல்லாம் கணினியில்தான். ஆனாலும் சாயங்காலம் கை கழுவாமல் பஸ் ஏற எனக்கு மனம் வராது.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் இருந்தோம். காலையில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மலையும் கூடவே வரும். சில நாள் மேகத்துக்குள் போய்விட்டு, நான் இறங்கும்போது மறுபடி வந்து நிற்கும்.

இராஜபாளையம் முடிகிற இடத்தில் ஒரு பொட்டல். நான் போன அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. மூங்கில் கம்புகள் மட்டும் நின்றன. படிவத்தில் 'காலி இடம்' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பும் பஸ்ஸிலேயே உறுத்தியது. காலி இடத்தில் எதற்குக் கம்பு?

மறுநாள் போனால் பொட்டலையே காணோம். கம்புக்குக் கம்பு கயிறு கட்டி, கண்ணுக்கெட்டிய வரை வெளுத்துக் காயப்போட்ட பேண்டேஜ் துணி. மலைக்காற்று வந்தால் நிலம் முழுக்க ஒரு சாண் மேலே எழும்பி இறங்குவது போலிருக்கும். நான் வந்த வேலையை மறந்து நின்றேன்.

"யாரு தாயி? என்ன எழுதுற?" துணியை விலக்கிக்கொண்டு ஒரு முகம் வந்தது. செல்லத்தாய் அக்காவை முதலில் பார்த்தது அப்படித்தான். என் வேலையை விளக்கிச் சொன்னேன்.

"அப்ப எங்களுக்கு என்ன கலரு?"

"உங்களுக்கு... கலர் இல்லக்கா."

"ஏட்டி மாரி, கேட்டியா! இம்புட்டு காயப்போட்டும் நமக்கு ஒரு கலர் கிடையாதாம்!"

"வெள்ளையாவே விட்டுரச் சொல்லுக்கா. நம்ம துணிக்குப் பொருத்தமா இருக்கும்," என்றது துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. வரைபடத்தில் வெள்ளை என்றால் யாருக்கும் வேண்டாத இடம், எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அங்கே கடைகள் கட்டப்போவதாக ஏற்கெனவே பேச்சு இருந்தது. அதைச் சொன்னதும் அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"வேற எங்கன போயி காயப்போட? மாடில போட்டா புகைக்கரி. இந்த இடம் போச்சுன்னா எங்க சோலி முடிஞ்சுது. நல்லதா ஒண்ணு பாத்துப் போடு தாயி."

அலுவலகத்தில் சீனியர், "காயப்போடுறதெல்லாம் ஒரு பயன்பாடாம்மா? காலின்னே விடு," என்றார். ஊதா போட்டால் ஆலை ஆகிவிடும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று நாள் குழம்பினேன். கடைசியில் பச்சை பூசினேன். பச்சையில் யாரும் கட்டடம் கட்ட முடியாது. எனக்கே என்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். நாலு முழம் துணியைக் கிழித்துக் கையில் திணித்தாள். "வச்சுக்க. பொறவு புள்ள பெத்தா ஆகும். மேலுக்கு மெத்துன்னு இருக்கும்." வெட்கத்தோடு வாங்கிக்கொண்டேன். மகள் பிறந்ததும் முதலில் சுற்றியது அதில்தான்.

கல்யாணமாகி இராஜபாளையத்துக்கே வந்தேன். பச்சை பூசிய இடத்தில் பூங்கா வந்தது. வரத்தானே செய்யும். சுற்றுச்சுவர், இரும்புக் கேட், டைல்ஸ் நடைபாதை. மகள் விழுந்தது அதில்தான். கேட்டில் ஒரு பலகை, நாய்களுக்கு அனுமதியில்லை என்பதற்குக் கீழே: துணி காயப்போடக் கூடாது.

காவலாளியிடம் ஒருமுறை கேட்டேன். "துணிக்காரம்மாக்களா? அவிய சுவரு கட்டும்போதே போயிட்டாகளே."

"எங்க?"

"தெரியலையேம்மா."

ஊதா போட்டிருக்கலாமோ? வெள்ளையாக விட்டிருக்கலாமோ? அந்தப் படிவத்தின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. இங்கே பெண்கள் துணி காயப்போடுகிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பச்சையே போதும் என்று நினைத்துவிட்டேன்.

விழுந்த மறுநாள் சாயங்காலம் மகள் மறுபடி பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதே மலைக்காற்று வந்தது. வலிக்குமே என்று நான் இறுக்காமல் விட்ட கட்டின் முனை அவள் முழங்காலில் படபடத்தது. அத்தனை பெரிய இடத்தில் காற்றுக்கு அந்த ஒரு சாண் துணிதான் அகப்பட்டது.