பத்து நாள் வெளிச்சம்

காரின் வலது பக்க முன்விளக்கை மட்டும் துடைத்துவிட்டு எழுந்து நிற்கிறார். இடது விளக்கைத் தொடுவதில்லை. மஞ்சள் பூத்து மங்கிக் கிடக்கும் அதையும், பளிச்சென்று மின்னும் இதையும் காரின் சொந்தக்காரர் நான்கு முறையாவது மாறி மாறிப் பார்க்க வேண்டும். அதுவரை பஞ்சைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்கிறார்.

"பாத்தீங்களா சார்? ஒரு கண்ணுல புரை எடுத்தாச்சு. இன்னொரு கண்ணு பாவமா இல்ல?"

வாகனப் பரிசோதனை அலுவலகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு மடக்கு நாற்காலி, ஒரு வாளி, இவர். பெயர் 'கண் டாக்டர்'. ஊர் வைத்த பெயர் என்று சொல்லிக்கொள்வார், வைத்தது இவரேதான். பெயருக்கு ஏற்ப வெள்ளைக் கோட்டு வேறு. அதில் இன்றுவரை ஒரு பொட்டு அழுக்கு பட்டதில்லை. வேலை செய்தால்தானே படும்!

வைத்தியம் மூன்று நிமிடம். கொசு விரட்டும் மருந்தில் கொஞ்சம் எண்ணெயைக் கலந்து பஞ்சில் தொட்டு ஒரு தேய்ப்பு. மருந்து பிளாஸ்டிக்கின் மேல்தோலை இளக்கிவிடும். எண்ணெய் கீறல்களுக்குள் புகுந்து பளபளக்கும். கேட்டுக்கு உள்ளே போய்ப் பரிசோதகர் கண்ணில் தேறிவர அது தாராளம். பத்து நாள் போனால் தூசியெல்லாம் அதில் அப்பிக்கொண்டு, விளக்கு முன்பிருந்ததைவிடக் கேவலமாகிவிடும். சண்டைக்கு வருகிறவர்களிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று.

"வண்டிய வெயில்ல நிறுத்துனீங்களா?"

வெயிலில் நிறுத்தாத வண்டி உலகத்தில் எது? வந்தவர் விழிப்பார். "அப்புறம் என்னை வந்து கேட்டா? சூரியனைப் போய்க் கேளுங்க!"

சரியான வேலை தெரியாதவர் என்றாலாவது மன்னிக்கலாம். பெயின்ட் பட்டறையில் ஆறு வருடம் கற்றவர். விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைசான தாள்வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் வெயில் தாங்கும் மேல்பூச்சு அடித்தால் இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை என்பது அவருக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் குனிந்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான். "அதுக்கெல்லாம் யாருக்கு சார் பொறுமை இருக்கு?" என்பார், ஏதோ பொறுமையில்லாதவர் நாம்தான் என்பதுபோல.

இவருக்கு ஓர் அக்கா. பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு, சிகிச்சைக்குப் போகும் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய் இறக்கிவிடுவது பிழைப்பு. விளக்கு மங்கிவிட்டது என்று தம்பியிடம்தான் வந்தார். "உனக்கில்லாததா அக்கா!" என்று தம்பி பஞ்சை எடுத்தார். அதே மருந்து. அதே மூன்று நிமிடம். "என் தம்பி செஞ்சது" என்று அக்கா வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம், மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், சாலையோரம் யாரோ கொட்டிவைத்திருந்த ஜல்லிக் குவியல் மறுபடி மங்கிப்போன விளக்கின் வெளிச்சத்தில் அக்காவின் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது கார் அதன்மேல் ஏறியிருந்தது. அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது. பின்னால் இருந்த பெரியவருக்கு நெற்றியில் மூன்று தையல்.

நம் கண் டாக்டர் பிஸ்கட் பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டிலருகே நின்றார். என்ன சொல்வதென்று புரியாமல் வாயைத் திறந்தார். பழகிய வாய் பழகியதைச் சொன்னது.

"வண்டிய வெயில்ல நிறுத்துனியா அக்கா?"

அக்கா அவரையே பார்த்தார். நல்ல கையால் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"எனக்குமாடா?"

அவ்வளவுதான் கேட்டார்.

வண்டியின் நசுங்கல் எடுத்து முடித்ததும், பக்கத்து வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லி அக்கா நேரே சுவரோரம் வந்து இறங்கினார். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "டேப் ஒட்டு. தேய். முழுசாத் தேய்ச்சு முடிக்கிறவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

டாக்டர் குந்தி உட்கார்ந்தார். தண்ணீர் பால் நிறத்தில் ஒழுகியது. முழங்கைவரை நனைந்தது. வியர்த்தது. "அந்த ஓரம்?" என்றார் அக்கா. அந்த ஓரத்தையும் தேய்த்தார். ஒரு மணி நேரத்தில் வலது விளக்கு அடிவரை தெளிந்து, தண்ணீர் போலத் தெரிந்தது.

அதற்குள் பின்னால் நான்கு கார்கள் சேர்ந்துவிட்டன. முதல் காரிலிருந்து இறங்கியவர் கிட்டே வந்து எட்டிப்பார்த்தார். "டாக்டரே, இது என்ன புதுசா இருக்கு? எங்க வண்டிக்கு இப்படியெல்லாம் செய்யலையே நீங்க?"

டாக்டர் நிமிரவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து, அகன்ற முதுகை வரிசைப் பக்கம் திருப்பி விளக்கை மறைத்துக்கொண்டு, தொடர்ந்து தேய்த்தார்.