சுமாராக ஆடு, மார்லன்

ரவுண்டானாவை நெருங்கும்போதெல்லாம் மார்லன் எஸ்கிரிட் குரலைத் தாழ்த்திக்கொள்வான். "இது பெல்ஜியத்துக்காரன், மோரீன். அவசரப்பட்டு உள்ள போயிடாதீங்க. அவனா வரட்டும்... வந்தானா? இப்ப இடம் விட்டான் பாருங்க. போங்க, போங்க, போங்க!" நான் போவேன். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அலறவிடுவான். "அதைக் காதுல வாங்காதீங்க. டிக்கெட் வாங்குனவங்க கத்தத்தான் செய்வாங்க" என்பான்.

ஹல் நகரத்து ரவுண்டானா ஒவ்வொன்றுக்கும் தான் தோற்கடித்த ஒருவனின் ஊரையோ நாட்டையோ அவன் பெயராக வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது கார்டிஃப்காரன்: பார்க்க சாது, பக்கவாட்டில் வந்து இடிப்பான். துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருப்பது டென்மார்க்காரன்: ஆள் பெரிசு, ஆனால் மெதுவு, சுற்றிக்கொண்டு போய்விடலாம். எங்கள் ஊரில் ரவுண்டானாவுக்கும் பஞ்சமில்லை, இவனிடம் தோற்றவர்களுக்கும் பஞ்சமில்லை. ஐம்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கிளம்பிய எனக்கு இப்படிச் சொன்னால்தான் மண்டையில் ஏறுகிறது.

பகலில் டிரைவிங் கற்றுக்கொடுக்கிறான், சாயங்காலம் குத்துச்சண்டை. முப்பத்து நாலு வயது. மிடில்வெயிட் எடைப்பிரிவில் பிரிட்டனின் சாம்பியனுக்கு அடுத்த இடத்தில் இவன் பெயரைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். மூக்கு நேராக இருக்கிறது. நான் யாரையாவது இடிக்கப் போனால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க மோரீன்" என்று அவன்தான் மன்னிப்புக் கேட்பான். மதியத்துக்கு ஒரு டப்பாவில் ஆறிப்போன உருளைக்கிழங்கு, இன்னொன்றில் பீட்ரூட். பீட்ரூட் தின்ற வாயோடு சிரிக்கும்போது மட்டும் அடிதடி செய்கிறவன் மாதிரி இருப்பான்.

வால்ட் சடபி என்று ஒரு கிழவர். இவனுக்குப் பயிற்சியாளர், மேனேஜர் எல்லாம் அவர்தான். கடலுக்குள் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி போனில் கத்துவார். அவர் கூப்பிட்டால் மார்லன் முதலில் வண்டியை ஓரங்கட்டச் சொல்வான், அப்புறம்தான் எடுப்பான். எடுத்தால் வண்டி ஸ்பீக்கரில் வரும், நானும் கேட்டுத்தான் ஆகவேண்டும். நான் ஒழுங்காக ஓரங்கட்டக் கற்றுக்கொண்டதே வால்ட்டின் புண்ணியத்தில்தான்.

"ராஷுக்கு மணிக்கட்டு சுளுக்காம்!" என்று ஒருநாள் கத்தினார். டேமியன் ராஷ்தான் சாம்பியன், லண்டன்காரன். "போன தடவை முதுகுவலி. அதுக்கு முந்தி தங்கச்சி கல்யாணம். அடுத்த தடவை ஆளே செத்துட்டான்னு சொல்லுவானுங்க பாரு!"

"பரவாயில்ல வால்ட். சுளுக்குன்னா வலிக்கத்தானே செய்யும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பரவாயில்லையா? உனக்குக் கோவமே வராதா கண்ணு? அவன் உன்னைப் பார்த்து ஓடி ஒளியறான், நீ அவனுக்கு எண்ணெய் தேய்ச்சு விடப் போறியா?"

"யாரு அது, மோரீனா?" என்றது ஸ்பீக்கர். "நீயே கேளும்மா இந்த நியாயத்தை. இவனை அடிச்சு ஜெயிச்சா யாருக்கும் பேர் கிடையாது, ஏன்னா இவன் யாருன்னே நாலு பேருக்குத் தெரியாது. இவன்கிட்ட அடி வாங்குனா இருக்கிற பேரும் போச்சு. நொட்டாங்கைக்காரன் வேற, எதிர்ல நின்னு ஆடுறதே கஷ்டம். சரி, வாயைத் தொறந்து எவனையாவது நாலு வார்த்தை திட்டி, கூட்டத்தையாவது சேர்ப்பானான்னா, அதுவும் கிடையாது. டிக்கெட்டும் விக்கமாட்டான். எவன் இவனுக்குப் பெரிய மேடை போட்டுக் குடுப்பான்?"

டிக்கெட் விஷயம் உண்மைதான். எங்கள் பக்கத்தில் சண்டைக்காரனே டிக்கெட்டும் விற்க வேண்டும். எவ்வளவு நாற்காலி நிரம்புகிறதோ அதைப் பார்த்துத்தான் கூலி. மார்லனோ, "வேற வேலை இருந்தா வரவேண்டாம், பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டேதான் டிக்கெட்டை நீட்டுவான். பார்க்கச் சகிக்காமல் விற்பனையை நான் கையில் எடுத்துக்கொண்டேன். என் பார்லரில் தலையை அலச பேசினுக்குள் சாய்த்து வைத்திருக்கிற பெண் எங்கே எழுந்து ஓட முடியும்?

அப்புறம் ஏப்ரலில் அந்த போன் வந்தது. அன்றைக்கு வால்ட் கத்தவில்லை. ராஷின் மேனேஜர் ஃபென்டிமன், தன் ஆளுக்கு அடுத்து யாரைப் பிடிக்கலாம் என்று தேடுகிறானாம். சுலபமாக ஜெயிக்கக்கூடிய ஆளாக, ஆனால் பட்டியலில் நல்ல இடத்தில் இருக்கிற ஆளாக வேண்டுமாம். மார்லனுக்கு எங்கள் நகர மண்டபத்தில் ஒரு சின்னச் சண்டை ஏற்பாடாகியிருந்தது. அதைப் பார்க்க ஃபென்டிமனே நேரில் வருகிறானாம்.

"ராசா, அன்னிக்கு மட்டும் நீ சுமாரா ஆடு" என்றார் வால்ட்.

"தோக்கச் சொல்றீங்களா?"

"செருப்பு பிஞ்சுடும். ஜெயிக்கணும். ஆனா அசிங்கமா ஜெயிக்கணும். உனக்கு வயசாயிடுச்சு, கால் நகரல, இடது கை எழும்பலன்னு அவன் நினைக்கணும். அழகா ஆடுனியோ, அவன் கோட்டை மாட்டிக்கிட்டு ரயிலேறிடுவான். அடுத்த வருஷம் உனக்கு நிஜமாவே வயசாயிடும்."

"எனக்கு அப்படி ஆடத் தெரியாதே வால்ட்" என்றான் மார்லன். பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துபோய்ச் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பி, "மோரீன், இது வெளிய போகக்கூடாது" என்றான். பார்லர் நடத்துகிறவளிடம் சொல்கிற பேச்சா இது! நாக்கைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

சண்டைக்கு முந்தின வாரங்களில் அவன் மோசமாக ஆடக் கற்றுக்கொண்ட அழகு இருக்கிறதே! சிக்னலில் நிற்கும்போது, "மோரீன், மாடிப்படி ஏறுனா உங்களுக்கு மூச்சு வாங்குமே, அது எப்படி வாங்கும்? வாயாலயா, மூக்காலயா?" என்று கேட்டான். முதலில் முறைத்தேன். பிறகு செய்து காட்டினேன். அவனும் செய்தான். பக்கத்து வண்டிக்காரன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

சண்டைக்கு வந்தவன் ஐவார்ஸ், லாட்வியாவில் ரீகா நகரத்து லாரி டிரைவர். ஊர் ஊராகப் போய், அளவாக அடி வாங்கி, காயமில்லாமல் தோற்று, கூலியோடு வீடு திரும்புகிறவன். குறை சொல்ல முடியாத மனுஷன். முதல் இரண்டு ரவுண்டு மார்லன் நான் கற்றுக்கொடுத்த மாதிரியே மூச்சு வாங்கினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாவது ரவுண்டு முடிவில் ஐவார்ஸின் முகம் மாறியது. இன்றைக்கு ஜெயித்துவிடலாம் போலிருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பல வருஷமாகத் தோற்றவன் நெஞ்சில் அப்படி ஒரு எண்ணம் வந்துவிட்டால் அவனை யார் பிடிப்பது?

ஆறாவது ரவுண்டில் அவன் விட்ட வலது கை மார்லனின் விலாவில் இறங்கியது. மார்லனின் முழங்கால் மடிந்தது. அது நடிப்பில்லை, என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும். வால்ட் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். தோற்றாலும் போச்சு, அழகாக ஜெயித்தாலும் போச்சு. அடித்த வேகத்தில் ஐவார்ஸின் தாடை தடுப்பில்லாமல் திறந்து கிடந்தது. முடி வெட்டுகிற எனக்கே தெரிந்தது, ஒரே ஒரு இடது கை போதும். மார்லனின் இடது தோள் அசைந்தது. அடிச்சுடு கண்ணு, எவன் வேண்டுமானாலும் ரயிலேறட்டும் என்று மனசுக்குள் நானே கத்திவிட்டேன். அந்தத் தோள் அப்படியே இறங்கியது. ஐவார்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மணி அடிக்கிறவரை தொங்கிக்கொண்டு நின்றான்.

மண்டபமே ஊளையிட்டது. என் வாடிக்கையாளர்கள்தான் முன்வரிசையில். "இந்தக் கிழவனுக்கா எங்க தலையில டிக்கெட்டைக் கட்டுன?" என்று ஒருத்தி என் முதுகில் குத்தினாள். இன்னொருத்தி கழுத்தில் சுற்றியிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து ரிங் பக்கம் வீசினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஜென்மத்தில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. எட்டு ரவுண்டும் முடிந்து, ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தான் என்று ரெஃப்ரி அவன் கையைத் தூக்கியபோது கூச்சல் இன்னும் அதிகமானது. ஃபென்டிமன் மட்டும் மலிவு விலையில் நல்ல மாட்டிறைச்சி கிடைத்தவன் மாதிரி புன்னகையோடு உட்கார்ந்திருந்தான். ஐவார்ஸ் அழுதான். மார்லன் அவன் காதில் ஏதோ சொன்னான்.

"என்ன சொன்ன?" என்று அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டியில் கேட்டேன்.

"மன்னிப்புதான் கேட்டேன். அவன் வாழ்க்கையிலயே நல்லா ஆடுன நாள் அது. அன்னிக்குப் போய் நான் இப்படிப் பண்ணிட்டேன்." விலா இன்னும் வலித்ததால் சீட் பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தியே மாட்டியிருந்தான். ஆனாலும் அன்றைக்கு அவன் டப்பாவைத் திறந்து எனக்கும் ஒரு உருளைக்கிழங்கு கொடுத்தான்.

கார்டிஃப்காரனைத் தாண்டியதும் போன் வந்தது. ஓரங்கட்டினேன். "ஃபென்டிமன் ஒத்துக்கிட்டான்!" வால்ட்டின் கத்தலில் ஸ்பீக்கர் கரகரத்தது. "செப்டம்பர்ல, லண்டன்ல, ராஷோட, சாம்பியன் பெல்ட்டுக்கு! வெள்ளிக்கிழமை கையெழுத்து!" பிறகு குரல் இறங்கியது. "காசுதான் ராசா, பிச்சைக்காசு. வர்ற காசுல பத்துல ஒரு பங்குகூட இல்ல. கேட்டா, போன வாரம் நீ ஆடுனதுக்கு இதுவே அதிகம்ங்கறான்."

"சரின்னு சொல்லிடுங்க" என்றான் மார்லன்.

போனை வைத்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "என்ன கண்ணு, மான ரோஷம் வேண்டாமா? ஒன்பது பங்கு அவனுக்கு, எலும்புத் துண்டு உனக்கா?"

"நல்லா ஆடுனா சண்டை தரமாட்டாங்க, மோசமா ஆடுனா காசு தரமாட்டாங்க. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்னா எனக்குச் சண்டையைக் குடுங்க, போதும். பெல்ட் இடுப்புக்கு வந்தப்புறம் விலையை நான் சொல்றேன்." இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கணுமே. தேர்வில் தேறின பிள்ளை மாதிரி இருந்தான். எனக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கண்ணாடியைப் பார்த்து, கியரைப் போட்டு, ஒழுங்காக வண்டியைக் கிளப்பினேன்.

அடுத்த சிக்னலில் சிவப்பு. பக்கத்தில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது, உள்ளே பூச்சு வேலைக்காரர்கள் மூன்று பேர். ஒருத்தன் மார்லனை அடையாளம் கண்டுகொண்டு கண்ணாடியை இறக்கினான். "டேய் எஸ்கிரிட்! அந்த லாட்வியாக்காரன் உன்னை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனானா? போதும்டா, கையுறையைக் கழட்டி எங்கம்மாகிட்டக் குடு, அடுப்புச் சட்டி இறக்குவாங்க!" மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவ்வளவுதான், என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டேன். அவர்கள் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுக்க வார்த்தைகள் தொண்டைக்கு வந்துவிட்டன. மார்லன் என் முழங்கையை மெல்லத் தொட்டான்.

"கையெழுத்து இன்னும் ஆகல, வெள்ளிக்கிழமைதான், மோரீன்" என்றான் உதடு அசையாமல்.

பிறகு தோள் இரண்டையும் தொங்கவிட்டு, ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நன்றாகச் சுளித்து, அவர்களைப் பார்த்து இடது கையை மெதுவாக, ரொம்ப மெதுவாக, பாதி உயரத்துக்குத் தூக்கிக் காட்டினான்.