அக்கா மாற்றிய முடிவுகள்

அட்டையில் வட்ட முத்திரை குத்தி, அதற்குள் 'பரிசு பெற்ற சிறுவர் நாவல்' என்று போட்டிருந்தால் அந்தப் புத்தகத்தை இன்றும் நான் சந்தேகத்தோடுதான் தொடுவேன். பரிசு கொடுக்கிறவர்களுக்குக் குழந்தைகள் மேல் அப்படி என்ன கோபமோ! கதையில் கன்றுக்குட்டி வந்தால் அது செத்துப்போகும். அப்பா வெளியூர் போனால் திரும்பி வரமாட்டார். பன்னிரண்டு வயது வரை இது எனக்குத் தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டவள் என் அக்கா.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து அலமாரியில் அந்த மாதிரிப் புத்தகங்கள் ஆறோ ஏழோ இருந்தன. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்ட அக்கா, என் பெயரில் எடுத்துவரச் சொல்லி எனக்கே படித்துக் காட்டுவாள். வேர்க்கடலை உரிப்பது நான், படிப்பது அவள். எனக்கும் எழுத்துக்கூட்டத் தெரியும்தான். ஆனால் அவள் குரலில் கேட்கும் சுகம் தனியாகப் படித்தால் வராது. வெள்ளத்தில் அடித்துப்போன கன்று கடைசிப் பக்கத்தில் ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நிற்கும். கப்பலுக்குப் போன அப்பா அல்வாப் பொட்டலத்தோடு வந்து இறங்குவார். மடியிலிருக்கும் கடலைத் தோலெல்லாம் சிதற நான் எழுந்து குதிப்பேன்.

எனக்குப் பத்து வயதானபோது அவளைச் செங்கல்பட்டுக்குத் தெற்கே ஓர் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் வரும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படிக்கத் தெரியாது. அப்போதெல்லாம் எங்கள் ஊரில் கடிதம் ஒரு வீட்டுக்கு வருவதில்லை, தெருவுக்கே வரும். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நாலு வீட்டுப் பெண்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் கூடிவிடுவார்கள். நடுவில் நின்று உரக்கப் படிப்பது என் வேலை. "நான் நலம். மாமியார் என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்." மாதாமாதம் அதே தங்கம்தான்.

ஒரு மழை விடுமுறையில் அக்கா நினைப்பு வந்து, அந்தக் கன்றுக்குட்டிப் புத்தகத்தை எடுத்துவந்து நானே படித்தேன். கன்று வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஏரி மதகில் செத்துக் கிடந்தது. நம்பமுடியாமல் மறுநாள் கப்பல் புத்தகத்தை எடுத்தேன். அந்த அப்பாவும் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கன்றுக்காக நான் அழவில்லை. இத்தனை வருஷம் என்னை ஏமாற்றியவளை நினைத்துத்தான் அழுதேன். அன்றைக்கே அவளுக்கு எழுதினேன்: 'நீ பொய்க்காரி. எல்லாக் கதையிலும் என்னை ஏமாற்றினாய். இனிமேல் உள்ளதை உள்ளபடி எழுது. இல்லாவிட்டால் எனக்கு எழுதவே எழுதாதே.'

பத்து நாளில் பதில் வந்தது. வழக்கம்போல வாசல் நிறையப் பெண்கள்.

"படிடி, இன்னா எழுதிகீறா?" என்றாள் அம்மா.

பிரித்ததும் முதலில் கண்ணை ஓட்டினேன். 'நீ கேட்டபடி உள்ளதை எழுதுகிறேன். இங்கே சோற்றுப் பானையை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். அவர் அடிக்கிறார். நானாக வந்தால் ஓடிவந்தவள் என்று பேசுவார்கள். அப்பா கூட்டிப்போனால் யாரும் எதுவும் சொல்லமுடியாது. வருகிற வெள்ளிக்கிழமை சாமி கும்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் வந்து நிற்பேன். அப்பாவை வரச் சொல்.'

எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கல்யாணத்தில் சாப்பாடு முதல் மாப்பிள்ளை வரை குறை சொன்ன எதிர்வீட்டுக்காரி முன்னால் நின்றிருந்தாள். அவள் எதிரில் இதை எப்படிப் படிப்பேன்? "நான் நலம். மாமியார் என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்குப் பட்டுப்புடவை எடுத்திருக்கிறார்கள்" என்று படித்தேன். பட்டுப்புடவை நானாகச் சேர்த்தது.

"கேட்டியா? எம் பொண்ணு ராணியாட்டம் கீறா," என்றாள் அம்மா, எதிர்வீட்டுக்காரியைப் பார்த்து.

கூட்டம் கலைந்ததும் அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. ஆனால் அன்று முழுக்க அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று பயமாக இருந்தது. வியாழன் போனது. வெள்ளிக்கிழமையும் போய்விட்டது.

சில மாதங்கள் கழித்து அக்கா பிரசவத்துக்கு வந்தாள். முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. வாய்க்கால் படியில் தடுக்கி விழுந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளக்கு வெக்கற வரைக்கும் ஸ்டேஷன்ல நின்னுகினு இருந்தேன்டி. வர்ற சைக்கிளெல்லாம் அப்பாதான்னு நெனச்சேன். என் லெட்டரு வரலயா?"

"வரலக்கா," என்றேன்.

"அப்ப அந்தத் தபால்காரன்தான் எங்கியோ தொலைச்சிட்டான்." என் கையை விட்டுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டாள். "வுடு. இனிமே கொழந்த வேற. யார்கிட்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அப்பா அவளையும் குழந்தையையும் கொண்டுபோய் விட்டுவந்தார். அவள் கடிதங்களில் மறுபடியும் தங்கம் வந்தது. நானும் உரக்கப் படித்தேன்.

எண்பதுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு அக்காவும் நானும் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தத் தபால்காரர் இறந்துபோனார். வெயிலும் மழையும் பாராமல் சைக்கிள் மிதித்த மனிதர். ஊரே திரண்டு போனது. அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"என் லெட்டர தொலைச்சி என் வாழ்க்கையவே தொலைச்சவன். அவன் மொகத்துல நான் முழிக்கமாட்டேன், நீ போ."

நான் போனேன். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். மன்னிப்புக் கேட்க அங்கேயும் எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு நான் திருப்பித் தராமலே வைத்துக்கொண்ட அந்தக் கன்றுக்குட்டிப் புத்தகத்தை அக்கா என் மகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கன்று ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றது. என் மகள் கைதட்டினாள். அந்தப் புத்தகத்துக்கு நான் போட்ட பழுப்பு அட்டைக்குள், அக்காவின் விரலுக்கு அடியில், அவள் கடிதம் இருந்தது.