முன்னாள் பிரஜை கட்டத்தில் நான் போட்ட டிக்

1. திரும்பி வந்த ஃபைல்

ஹட்டன் பஜாரில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் மேசை போட்டு முப்பத்தொரு வருஷம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, வீசா ஃபோம் என்று மூன்று மொழியிலும் கை வலிக்க எழுதியவள். என் மேசையிலிருந்து போன ஃபைல் எதுவும் திரும்பி வந்ததில்லை என்று வாய்க்கு வாய் பீற்றிக்கொள்வேன். அந்த வாயை அடைத்தது சிவபாக்கியம் அக்காவின் ஃபைல்.

அவர் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவர். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் பேர் விழுந்து, பதினாலு வயதில் தாய் தகப்பனோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முன்பே கலியாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போயிருந்த அக்கா ராசம்மா இங்கேயே நின்றுவிட்டார். சிவபாக்கியம் நீலகிரியில் நர்ஸாக இருந்து பென்ஷன் எடுத்தவர். கலியாணம் செய்யவில்லை. அறுபத்தேழு வயதில், புருஷனை இழந்து தோட்டத்தில் தனியாக இருக்கும் அக்காவோடு மிச்சக் காலத்தைக் கழிக்க வந்திருந்தார். கையில் இருந்தது இந்திய பாஸ்போர்ட்டும் டூரிஸ்ட் வீசாவும். வீசா முடிய ஏழு வாரம் இருந்தது. இனி நீட்டவும் முடியாது.

"ஒங்களுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடுன்னு சொன்னாங்க. எப்படியாச்சும் தங்கச்சிய இங்கயே இருக்க வச்சிருங்கம்மா" என்றார் ராசம்மா.

"நான் இருக்கேன், பயப்படாதீங்க பெரியக்கா" என்றேன் பெரிய மனுஷி மாதிரி.

இங்கே தங்குவதற்கான ஃபோமில் ஒரு கேள்வி: முன்னர் இலங்கைப் பிரஜையாக இருந்தவரா? இங்கே பிறந்து இங்கே படித்தவரிடம் இதைப் போய் என்ன கேட்பது? கேட்காமலே 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து ஃபைல் திரும்பி வந்தது. முன்பு பிரஜையாக இருந்ததற்கான அத்தாட்சியை இணைக்க வேண்டுமாம்.

அத்தாட்சிக்கு எங்கே போவது? இங்கே பிறந்தும் இந்த நாட்டின் பிரஜாவுரிமை இல்லை என்றுதானே அவர்களைக் கப்பல் ஏற்றினார்கள். எனக்கே பிரஜாவுரிமைப் பத்திரம் இருபது வயது தாண்டித்தான் கிடைத்தது. அதற்காக அப்பா நடையாய் நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

2. இன்னொரு தப்பு வேண்டாம்

மறுநாள் இருவரையும் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். ராசம்மா அழுதார். சிவபாக்கியம் அழவில்லை. "சரி, வேற வழி என்னா?" என்றார்.

முன்னாள் பிரஜை என்ற வழி அடைபட்டதால் ஒரு வழிதான் மிச்சம். ஓய்வுபெற்று இங்கே குடியேற வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கான வீசா. நுவரெலியாப் பக்கம் பங்களா வாங்கிய வெள்ளைக்காரர்களுக்கு அதை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பென்ஷன் இங்குள்ள பேங்குக்கு வர வேண்டும். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேண்டும். பென்ஷனில் சிக்கல் இல்லை. ஆனால் அவருக்கு இருபது வருஷமாகச் சுகர். வயதையும் சுகரையும் சொன்னதுமே கம்பெனிக்காரர்கள் போனை வைத்துவிட்டார்கள்.

"சுகர எழுதாம விட்டுருவோமாக்கா? யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

"நான் முப்பத்துநாலு வருஷம் நர்ஸு. சீக்க மறைச்சவங்க பட்ட பாட்ட வார்டுல பாத்துருக்கேன். ஏற்கனவே ஒரு தப்பு டிக் போட்டாச்சு. இன்னொன்னு வேணாங்க."

சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு நான் விடவில்லை. ஐந்து நாள் வேறு வேலை எதையும் தொடாமல் ஒவ்வொரு கம்பெனியாகப் பிடித்தேன். கடைசியில் ஒன்று இறங்கி வந்தது. விபத்துக்கும் ஒபரேஷனுக்கும் பணம் தருவார்கள். சுகர் அவர் சொந்தச் செலவு. உடனே அவர் ஒரு தாளை எடுத்து மாத்திரை, இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, ஹட்டன் பார்மசி விலை, பென்ஷனில் எவ்வளவு போகும் என்று நர்ஸ் கையெழுத்தில் வரிசையாக எழுதினார். அதை சிங்களத்திலும் இங்கிலிஷிலும் பெயர்த்து என் சீலை அடித்தேன்.

3. கொழும்பில்

வீசா முடிய மூன்று நாள் இருக்கும்போது மூவரும் ரயிலேறினோம். வீசா ஆபீஸில் இருந்தவர் ஒரு சிங்களப் பெண் அதிகாரி. அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார். "மருந்துச் செலவு தெளிவாக இருக்கிறது. படுக்கையில் விழுந்தால் தோட்டத்தில் யார் பார்ப்பது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் பெயர்த்துச் சொல்வதற்குள் ராசம்மா எழுந்தார். "மங் இன்னவா, மிஸ்" என்றார். நான் இருக்கிறேன் என்று தோட்டத்துச் சிங்களத்தில் சொல்லிவிட்டார். எழுபத்திரண்டு வயது மனுஷி.

அதிகாரி சிரித்தார். பிறகு புது ஃபோமைத் தள்ளி, ஒரு கட்டம் காலியாக இருப்பதாகக் காட்டினார். முன்னர் இலங்கைப் பிரஜையா? பயத்தில் நான்தான் எழுதாமல் விட்டிருந்தேன். இந்தத் தடவை கேள்வியை வாய்விட்டு வாசித்தேன். "என்னக்கா எழுதட்டும்?"

"பேனாவ குடுங்க." வாங்கியவர், மேலே பிறந்த இடம் கொட்டகலை என்று நான் எழுதியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பொறந்தது இங்க. ஆனா பிரஜை இல்ல. அப்படித்தான எழுதணும்?"

"அப்படித்தாங்க."

'இல்லை' என்று எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு வீசா கிடைத்தது. என் மேசையில் இப்போது இருக்கும் பெண்ணுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். பதில் தெரியும் என்று நினைத்தாலும் ஃபோமில் உள்ள கேள்வியை ஆளிடம் வாசித்துக் காட்டி, அவர் சொன்ன பிறகு எழுது. வேலையை விட்டபோது எல்லா ஃபைலையும் அவளிடம் ஒப்படைத்தேன். சிவபாக்கியம் அக்காவின் ஃபைலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வீசா புதுப்பிக்கும்போது மற்றக் கட்டங்களை நான் நிரப்புவேன். அந்தக் கட்டம் வந்ததும் பேனாவை அவரிடம் கொடுத்துவிடுவேன்.