கிளட்ச் வழுக்கிய நாளில் வந்த மாப்பிள்ளை

என் அத்தையைப் பெண் பார்க்க வந்த மாமா, தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பின்னால் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அவருடைய அம்மா மூச்சு வாங்க நடந்து வந்தார். பின்னாளில் என்னைப் படிக்க வைக்க அந்த மாமா பட்ட பாடு கொஞ்சமல்ல. அதனால் அன்று அவருடைய கிளட்ச் வழுக்கியதற்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் லயமும் ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் போகும் மலை வழியில் இருந்தன. மாமா யட்டவத்தயிலிருந்து வந்தார். வண்டி அவருடைய அப்பா காலத்து இங்கிலாந்து வண்டி. நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று, முதல் நாள் கிளட்ச் பெட்டியின் எண்ணெயை இறக்கிவிட்டு, புதுக் கார்களுக்குப் போடும் உயர்ந்த ரக எண்ணெயை ஊற்றியிருக்கிறார். சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் இன்ஜின் அலறியதே தவிர வண்டி நகரவில்லை.

அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர். அதற்கு முன் தங்கைக்கு வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போன கவலை அவருக்கு. எண்ணெயில் கறுத்த கைகளோடு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "வண்டியவே ஒழுங்கா வச்சிக்கத் தெரியல" என்று அம்மாவிடம் முணுமுணுத்தார்.

திரும்பும் வழியிலும் ஏற்றம் உண்டு. பலகாரம் சாப்பிட்டதும் மாமா முற்றத்திலேயே கிளட்ச் மூடியைக் கழற்றி, உள்ளிருந்த கிளட்ச் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பெற்றோலில் கழுவித் துடைத்தார். அப்பா லொறிக்கு வைத்திருந்த கியர் எண்ணெயைக் கொண்டுவந்து வைத்தார்.

"இத ஊத்துங்க தம்பி. கெட்டியா இருந்தாத்தானே புடிக்கும்."

மாமா தயங்கினார். பெண் கேட்டு வந்த வீட்டில் முதல் நாளே மறுத்துப் பேசுவது யாருக்கும் சங்கடம்தான்.

"இல்லீங்க அண்ணே. இதுல தட்டெல்லாம் ஒட்டிக்கும். நான் ஊத்துனது வழுக்குறதுக்குன்னே மருந்து சேர்த்தது. ரெண்டுமே ஆகாது."

மாமாவின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அதுவரை உள்ளேயே இருந்த அத்தை வாசலுக்கு வந்தார்.

"முந்தி என்ன எண்ணெய் ஊத்துனீங்க?"

அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

"சும்மா மோட்டார் சைக்கிளுக்குப் போடுறதுதாங்க. மெல்லிசா இருக்கும்."

அத்தை யாரையும் கேட்காமல் கங்காணி வீட்டுக்குப் போய், அவர் தன் மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த எண்ணெயில் பாதிப் போத்தல் வாங்கி வந்தார். மாமா தட்டுகளை அதில் நனைத்து அடுக்கி, ஸ்பிரிங்குகளைச் சமமாக இறுக்கி மூடியைப் பூட்டினார். மிச்சத்தை அத்தையே ஊற்றினார்.

"மனசுல பட்டத நேரா சொல்றான், பாத்தியா" என்றார் அப்பா, அம்மாவிடம். குரலில் கோபம் இல்லை.

வண்டி ஏற்றத்தில் சிரமமில்லாமல் ஏறியது. ஆனால் மாமா வளைவு வரை போய்த் திரும்பி வந்து, கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அத்தையைப் பார்த்து "இன்னொருக்கா பாத்துர்றேன்" என்றார். மறுபடி போனார், மறுபடி வந்தார். அத்தை காலிப் போத்தலோடு அங்கேயே நின்றார். மாமாவின் அம்மா கைப்பையோடு எப்போதோ தயாராகிவிட்டார்.

நான் உள்ளே ஓடினேன். "அம்மா, அவருக்கு வேல தெரியாது போல. திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறாரு."

"அத அப்பாகிட்டயும் போய்ச் சொல்லு" என்றார் அம்மா.

சொன்னேன். அப்பா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தார். இவ்வளவு பெரிய குறையைக் கண்டுபிடித்துச் சொல்கிறேன், இவர்கள் சிரிக்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.