அடுத்த மேட்ச்சின் பந்து

உல்ஹாஸ் கொத்தாரே வாரத்தில் ஆறு நாள் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்வந்தார். அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் யோசித்துத்தான் சொல்வார்கள். விக்கெட் கீப்பர் என்றால் பால்காரனுக்கும் தெரியும். எங்கள் தெரு ஆண்கள் நடத்தும் 'டாகுர்துவார் ஃப்ரெண்ட்ஸ்' குழுவின் கீப்பர் அவர். கேப்டன் என் கணவர் விநாயக். நான் கல்யாணமாகி கிர்காமுக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிறு மாலை சமையலறை வாசலில் வந்து நின்று, "வஹினி, உங்க வீட்டுக்காரன் கையில வெண்ணெய் தடவிக்கிட்டு வந்தான் இன்னைக்கு. ரெண்டு கேட்ச் விட்டான். டீ குடுக்காதீங்க அவனுக்கு" என்றார். அந்தக் கட்டடத்தில் என்னை அண்ணி என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

பெரிய ஆட்டக்காரர் இல்லை. பேட்டிங்கில் ஒன்பதாவதாக இறங்குவார், சீக்கிரம் திரும்பிவிடுவார். ஆனால் மைதானத்தில் நடந்ததை வீட்டுக்கு வந்து மறுபடி ஒரு தடவை ஆடிக்காட்டாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மாடிப்படி நடுவில் குந்தி உட்கார்ந்து, பந்து எப்படித் திரும்பியது, பேட்ஸ்மேன் எப்படி விழித்தான், தான் எந்தப் பக்கம் பாய்ந்தோம் என்று காட்டுவார். ஏறுகிறவர்கள் ஏற முடியாது, இறங்குகிறவர்கள் இறங்க முடியாது. நானே அதைப் பார்த்து நின்று பருப்பைத் தீயவிட்டிருக்கிறேன்.

ஐம்பது தாண்டியபின் கீப்பர் கையுறையை அவரே கழற்றிக் கொடுத்தார். முட்டி வலி என்றார். ஸ்லிப்பில் நின்றார். அங்கே சில கேட்சுகள் நழுவின. குனிய முடியவில்லை என்று சொல்லி எல்லைக் கோட்டுப் பக்கம் போனார். எங்கள் குழு ஆடுவது மழைக்கால லீக். வானம் எப்போதும் கழுவாத பாத்திரம் மாதிரி இருக்கும். பந்து தெரியவில்லை என்று யார் சொன்னாலும் அது வெளிச்சத்தின் குற்றம்தான். உல்ஹாஸும் அதையே சொன்னார், யாரும் சந்தேகப்படவில்லை.

அவர் மனைவி நீலிமாவுக்குக் கிரிக்கெட் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடுங்கிக்கொண்ட சக்களத்தி என்பாள். அவளே ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் ஒரு புது விஷயம் சொன்னாள். சில மாதங்களாக உல்ஹாஸ் காலையில் சவரம் செய்யும்போது, பேப்பரில் ஸ்கோர் படித்துச் சொல்லு என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறாராம். லெக் பை என்றால் என்ன, நோ பால் என்றால் என்ன என்று அவளும் கேட்க ஆரம்பித்துவிட்டாளாம். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பதான் பேசிக்கிறோம்" என்று சொல்லி வெட்கப்பட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போவது எங்கள் குழுவின் பழக்கம். பூரியும் உருளைக்கிழங்கு பாஜியும் கட்டிக்கொண்டு பெண்கள் கூடாரத்தில் உட்காருவோம். எங்கள் மைதானத்தில் ஒரே நேரத்தில் ஏழெட்டு ஆட்டம் நடக்கும். ஒரு ஆட்டத்தின் எல்லைக்குள் அடுத்த ஆட்டத்தின் பாதி கிடக்கும். நம் ஃபீல்டருக்கு முதுகு உரசுகிற தூரத்தில் வேறு ஆட்டத்தின் அம்பயர் நிற்பார். எல்லோருக்கும் வெள்ளை உடை. எந்தப் பந்து யாருடையது என்பது அங்கே ஆடிப் பழகியவர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரியும். அடுத்த ஆட்டத்துப் பந்து வந்தால் தொடக்கூடாது. காலை விரித்து வழிவிட வேண்டும். ஆட ஆரம்பித்த முதல் நாளே கற்றுக்கொள்கிற விஷயம் இது.

அன்று எங்கள் பந்து வீச்சு. பேட்ஸ்மேன் மட்டையை ஓங்கி வீசினான், படவில்லை, பந்து கீப்பர் கைக்குப் போய்விட்டது. அதே நேரம் பக்கத்து ஆட்டத்தில் ஒருவன் தூக்கி அடித்தான். "பிடி, பிடி" என்று அங்கிருந்து கத்தினார்கள். எல்லைக் கோட்டில் நின்ற உல்ஹாஸ் ஓட ஆரம்பித்தார். தலையை நிமிர்த்தி, மேகத்தில் கறுப்பாக இறங்கிய புள்ளியைப் பார்த்தபடியே, சேற்றில் பின்பக்கமாக ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. விழுந்துகொண்டே பிடித்தார். பந்தின் கீழே தயாராக நின்றிருந்த அந்த ஆட்டத்துப் பையன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"அங்கிள், எங்க டீம்ல எப்ப சேந்தீங்க?" என்றான்.

மைதானமே சிரித்தது. நீலிமாவும் சிரித்தாள், பூரியைக் கையில் வைத்துக்கொண்டே. உல்ஹாஸுக்கு அது காதில் விழவில்லை. பந்தை உயர்த்திக்கொண்டு ஓடிப்போய் எதிரில் வந்த ஒருவனைக் கட்டிப்பிடித்து, "விநூ, பாத்தியா? நான் முடிஞ்சவன்னு நெனச்சீங்கல்ல?" என்றார்.

அவர் கட்டிப்பிடித்தது விநாயக்கை அல்ல. பக்கத்து ஆட்டத்தின் கேப்டனை; உயரத்தில்கூட என் கணவரோடு ஒப்பிட முடியாத ஆள். சிரிப்பு இன்னும் கூடியது. நீலிமா மட்டும் நிறுத்திவிட்டாள். பூரியை இலையில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் அவரையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அவருக்குப் பேப்பர் தெரியலடி. அதுக்குத்தான் என்னைப் படிக்கச் சொல்லியிருக்கார்" என்றாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சர்க்கரை கண்ணுக்குப் போயிருந்தது. இரண்டு கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிந்து கசிந்து பெரும்பகுதி போய்விட்டது. மிச்சத்தையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் லேசர் வைத்து நிறுத்தியிருக்கலாமே, ஏன் வரவில்லை என்று அவர் கேட்க, உல்ஹாஸ் அப்போதுதான் வாயைத் திறந்தாராம். முந்தின வருஷமே ஒரு கண் மருத்துவர் உடனே லேசர் வைக்கச் சொல்லியிருக்கிறார். எத்தனை வாரம் ஆட முடியாது என்று இவர் கேட்டிருக்கிறார். சீசன் முடியட்டும் என்று வந்துவிட்டார். சீசன் முடிந்தபின் போகவில்லை. கண் இப்படி என்று தெரிந்தால் குழுவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயம்.

அன்று ராத்திரி அவர்கள் போட்ட சண்டை சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அவள் குரல் மட்டும்தான். பொண்ணு கல்யாணத்தில் மாப்பிள்ளை முகத்தை எப்படிப் பார்ப்பீங்க என்று கேட்டாள். ஒன்பதாவதாக இறங்குகிற ஆளுக்கு இது தேவையா என்று கேட்டாள். பிறகு பாத்திரங்களைக் கழுவும் சத்தம் வந்தது. என்னிடம் அவள் அழுதபோது சொன்னது வேறு. "அந்தக் காலை நேரத்தை நான் சந்தோஷம்னு நெனச்சேன்டி. அவர் கண்ணு போய்க்கிட்டிருந்திருக்கு, நான் பக்கத்துல உக்காந்து ஸ்கோர் படிச்சுக்கிட்டிருந்திருக்கேன்."

லேசர் வைத்தார்கள். பெரிதாக ஒன்றும் திரும்பவில்லை. சீசனில் இன்னும் இரண்டு ஆட்டம் மிச்சம். உல்ஹாஸ் ஆடத் தயாராக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். விநாயக் ஒரு வாரம் அவர் வீட்டு வாசலைத் தவிர்த்து, பின்படி வழியாக இறங்கிப் போனார். சனிக்கிழமை நான்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினேன். என்ன சொல்கிறாரோ என்று நானும் கூடப் போனேன். நீலிமா டீ வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விநாயக் மழையைப் பற்றிப் பேசினார். பிட்ச்சைப் பற்றிப் பேசினார். உல்ஹாஸே முடித்துவைத்தார்.

"பேட்டிங் வேணாம்டா. பந்து வராத எடமாப் பாத்து நிறுத்து. ஆளோட ஆளா நின்னுக்கறேன்."

"மைதானத்துல அப்படி ஒரு எடம் இல்லடா" என்றார் என் கணவர்.

உல்ஹாஸ் தலையாட்டினார். அம்பயர் கை தூக்கினால்கூடக் கூடாரம் வரை வாதாடிக்கொண்டே வருகிற மனிதர் அவர். அன்று வாதாடவில்லை. டீயைக் குடித்தார். தம்ளரை வைக்கும்போது மேசையின் விளிம்பை முதலில் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். விநாயக் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சேர்த்திருப்பேன் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை ஆட்களெல்லாம் முற்றத்தில் கூடினார்கள். வழக்கமாக மூன்றாவது மாடியைப் பார்த்து உல்ஹாஸின் பெயரைக் கத்திக் கத்தித் தெருவையே எழுப்புவார்கள். அன்று யாரும் வாய் திறக்கவில்லை. மட்டையெல்லாம் போட்ட பெரிய பையை வழக்கம்போல் படிகளில் இழுக்காமல், இரண்டு பேர் தூக்கிப் பிடித்துப் பூனை மாதிரி நடந்தார்கள். செருப்பைக்கூட ஒருவன் கையில் எடுத்துக்கொண்டான்.

அவர்கள் கேட்டைத் தாண்டும்போது நான் நின்ற மாடி வராந்தாவிலிருந்தே குரல் வந்தது. வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உல்ஹாஸ் நின்றிருந்தார்.

"சத்தமாப் போங்கடா. நான் தூங்கல."

பதில் சொல்லச் சொல்லி என் கணவரை மற்றவர்கள் பார்த்தார்கள். அவர் பையின் ஒரு காதைத் தானே வாங்கிக்கொண்டு நடந்தார். உல்ஹாஸ் சற்று நேரம் தெருப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் எப்போதோ மூலை திரும்பிவிட்டார்கள். அதை அவரிடம் சொல்ல நான் வாயெடுக்கும் முன் நீலிமா வெளியே வந்தாள். அவர் பக்கத்தில் நின்று, "போயிட்டாங்க, வாங்க" என்றாள்.